சைக்கிள் கடை பதில்கள்: ஏற்றம் கிடக்கட்டும், இறக்கத்தைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற கடலோர ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, முழுப் பரீட்சை லீவுக்குக் கொடைக்கானல் போகிறோம். நான், வீட்டுக்காரர், 13 வயது மகன், 8 வயது மகள். நாலு பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்டியதெல்லாம் சமதரையில்தான். குடும்பமாக ஓட்ட மலையில் லேசான பாதை ஏதாவது உண்டா? ஏற்றத்தில் மூச்சு வாங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, உச்சிப்புளி)

பதில்: உண்டு தங்கச்சி. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிப் போகிற ரோடு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 1863-இல் உண்டாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடப்பதால் வளைவு நிறைய. ஆனால் ஏற்றம் ரொம்பக் குறைவு. ஏரிக்கரையிலேயே வாடகைக்கு சைக்கிள் தருகிறார்கள். காலை ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏற ஏற காரும் வேனும் சவாரிக் குதிரைகளும் சேர்ந்துகொள்ளும். குதிரைக்குப் பின்னால் போய் மணி அடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள், மிரண்டுவிடும்.

அப்சர்வேட்டரி, பைன் காடு, குணா குகை என்று மேலே போகிற ரோடும் அழகுதான். அங்கே வேனில் போய்விட்டு வாருங்கள். சுற்றுலா வண்டிகள் உரசிக்கொண்டு போகிற வளைவுகளில் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை?

மூச்சு வாங்கத்தான் செய்யும். கடல் மட்டத்தில் இருந்து பழகிய நாம் 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப் போகிறோம். போய் இறங்கிய அன்றைக்கே ஓட்டாமல் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து ஓட்டுங்கள், அது போதும். கால் வலுவைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஆடி மாசக் கச்சான் காற்றுக்கு எதிரே மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அப்படியும் முடியவில்லையென்றால் இறங்கித் தள்ளலாம், மானம் ஒன்றும் போகாது.

எனக்கு இருக்கிற பயம் இறக்கத்தைப் பற்றித்தான். சமதரையில் ஓட்டுகிறவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும்தான் பிரேக்கைப் பிடிப்பார்கள். மிதிப்பதை விட்டாலே வேகம் பாதி குறைந்துவிடும். இறக்கத்தில் மிதிக்காமலே வேகம் ஏறும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பதறிப்போய் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் ஆளைத் தூக்கி முன்னால் போட்டுவிடும். வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார வேண்டும்.

வாடகை சைக்கிளை வாங்கியதும் ஏறி உட்காராதீர்கள். கையில் பிடித்து நாலடி தள்ளிக்கொண்டே ஒரு பக்கப் பிரேக்கைச் சட்டென்று அழுத்துங்கள். பின் சக்கரம் மேலே எழும்பினால் அதுதான் முன் பிரேக். அழுத்தியபோது பிரேக் கம்பி ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது, நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது நிற்க வேண்டும். தொட்டால் வேறு சைக்கிள் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிறகு குனிந்து ரிம்மைக் கவ்வுகிற ரப்பர் கட்டையைப் பாருங்கள். அதில் வரிவரியாக வெட்டு தெரிய வேண்டும், மழமழவென்று தேய்ந்திருந்தால் அதுவும் வேண்டாம். பனியில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் உடனே பிடிக்காது. அவ்வப்போது லேசாகத் தொட்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும்.

மகளுக்கு சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரலும் தரையில் ஊன்றுகிற உயரத்தில் சைக்கிள் பாருங்கள். கிடைக்கவில்லையா, அவள் கரையில் உட்கார்ந்து சோளம் தின்னட்டும். வளர்ந்துவிடுவாள் என்று பெரிய சைக்கிளில் ஏற்றுவது செருப்பு வாங்குகிற கணக்கு, மலையில் அது செல்லாது.

இன்னும் ஒன்று. சொந்தக் காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024-இலிருந்து அப்படித்தான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. வீட்டு எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் சைக்கிளையே காரில் கட்டி மலைக்குக் கொண்டுபோகலாமா? (வாசகர், வேதாளை)

பதில்: நம்ம ஊர் உப்புக் காற்று பட்ட சைக்கிள் என்றால் யோசியுங்கள் தம்பி. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிரேக் ஒயர் துருப்பிடித்து இழை இழையாகப் பிரிந்திருக்கும். இறக்கத்தில் அழுத்தி இழுக்கும்போதுதான் அது அறும். கொண்டுபோவதென்றால் ஒயரையும் கட்டையையும் புதிதாக மாற்றி, செயினில் இருக்கிற மணலை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எண்ணெய் போட்டுக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மலைக்குப் போக வசதிப்படாது. பிள்ளைகளோடு ஓட்ட இங்கேயே நல்ல இடம் சொல்லுங்கள் அண்ணே. (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: தனுஷ்கோடி ரோடு இருக்கிறதே! முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை 9.5 கிலோமீட்டர். 2017-இல் திறந்த ரோடு. இடது பக்கம் அலை அடங்கிக் கிடக்கிற பெண்கடல், வலது பக்கம் அலை அடிக்கிற ஆண்கடல், நடுவில் நாம். இந்த அழகைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், நாம் கொடைக்கானலுக்கு ஓடுகிறோம்!

சின்னப் பிள்ளைகளை முனை வரைக்கும் இழுக்காதீர்கள். போக வர 19 கிலோமீட்டர் ஆகிவிடும், வழியில் மரநிழல் கிடையாது. பாதி வழியில், 1964 புயலில் அழிந்த பழைய ஊர் இருக்கிறது. இடிந்த சர்ச்சைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் 10 கிலோமீட்டரோடு முடிந்தது. மாசி, பங்குனி விடிகாலை நல்லது. கச்சான் காலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்து மணலை ரோட்டில் கொண்டுவந்து கொட்டும். அந்த மணல் திட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கும். ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிட வேண்டும்.

ஏற்ற இறக்கம் பழகத்தான் வேண்டுமென்றால் பாம்பன் ரோட்டுப் பாலம் இருக்கிறது. 2.3 கிலோமீட்டர், நடுவில் நல்ல மேடு. ஆனால் பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவர்கள் தொல்லை அதிகம். அதனால் விவரம் தெரிந்த பெரிய பிள்ளைகளை மட்டும், பொழுது புலர்ந்ததும் கூட்டிப்போங்கள். முன்னால் பிள்ளை, பின்னால் நீங்கள்.

தனுஷ்கோடியில் வறுத்த மீன் சாப்பிடுவதாக இருந்தால் விலை கேட்டுவிட்டு உட்காருங்கள்.