தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்றால், மருத்துவர் அதை ஏன் குறைக்கச் சொல்கிறார்?

உங்கள் எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படுவது) 162 என்றும், கொலஸ்ட்ராலே இல்லாத தேங்காய் எண்ணெயை மருத்துவர் குறைக்கச் சொன்னது புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் என எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லத் தகுந்த அளவில் இல்லை. எண்ணெய்ப் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவது, உப்புப் பாக்கெட்டில் ‘சர்க்கரை அற்றது’ என்று அச்சிடுவதைப் போன்றதுதான்.

நம் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இவற்றைப் பற்றிய ஆய்வுக்காகவே அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பை (பாக்கெட்டில் ‘saturated fat’ என்றிருக்கும்) மிகுதியாக உண்ணும்போது இந்த ஏற்பிகளின் செயல்பாடு குறைவதால், எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் தமனிச் சுவர்களில் படிகிறது. ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தில் நாம் தேட வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவைத்தான். தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். கடலை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பின்படி சுமார் 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பே உச்சம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயே அதை நிரப்பிவிடும். பாலும் நெய்யும் தனிக் கணக்கு.

முட்டை மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருந்தாலும், பெரும்பாலோருக்கு அதனால் எல்டிஎல் சிறிதளவே கூடுகிறது. எங்கள் வீட்டிலும் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு, மாலையில் நெய் பிஸ்கட்டைக் கணக்கின்றிச் சாப்பிடுபவர் உண்டு.

தேங்காய் எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைச் சோற்றாலும் இனிப்பாலும் நிரப்பினால், எல்டிஎல் சற்றுக் குறைந்தாலும், ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பருப்பு, சுண்டல் ஆகியவற்றுக்கு மாறுவதே பயன் தரும். ஓட்ஸ், பார்லி, பயறு வகைகளில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால், புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அளவான தேங்காய்ச் சட்னியை விலக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அன்றாடத் தாளிப்புக்கும் பொரிப்பதற்கும் எண்ணெயை மாற்றுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் பரிசோதித்தால் பலன் தெரியும். எல்டிஎல் 190ஐத் தாண்டியவர்களுக்குப் பரம்பரைக் காரணம் இருக்கக்கூடும் என்பதால், அவர்கள் உணவுக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.