நெல்லைக்கு ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் திருநெல்வேலியிலேயே எடுக்கலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். சொந்தக்காரர்களோ, “இங்க என்ன இருக்கு, சென்னைக்கு அனுப்பு” என்கிறார்கள். அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை. நெல்லைக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை அரசு கொடுத்தால் இந்தப் பேச்சே வராதே? அதைப் பற்றி நீங்கள் எழுதக் கூடாதா?

ஒரு வாசகி, முக்கூடல்

அன்புள்ள சகோதரிக்கு,

தனிப் பல்கலைக்கழகம் நமக்கு ஒருமுறை கிடைத்தது. 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்தபோது கோவை, திருச்சியோடு திருநெல்வேலிக்கும் ஒன்று வந்தது. 2012-ல் மறுபடி சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம். ஐந்து வருடத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் வேர் பிடிக்காது. அதனால் பெயர்ப்பலகை திரும்பி வருவதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. நான் கேட்பது வருடா வருடம் தவறாமல் வரும் பணத்தை.

தென்மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியின் சிவில் லேபுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் மெஷின் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஏதோ ஒரு திட்டப் பணத்தில் வாங்கிய நல்ல மெஷின். அவ்வப்போது காலிபரேஷன், அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை, செய்து சான்றிதழ் வாங்கினால்தான் அது சொல்லும் கணக்கு செல்லும். அதற்கு நிதி இல்லை. லேப் டெக்னீஷியன் ரிட்டயர் ஆன இடத்துக்கு ஆள் போடவில்லை. 28 நாள் தண்ணீரில் ஊறிய கட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்த கான்ட்ராக்டர் ஒருவர் அப்படியே திரும்பிப் போனார். அவர் கட்டியிருக்க வேண்டிய டெஸ்ட் கட்டணம் கல்லூரிக்குக் கிடைக்காமல் போயிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம் பிள்ளைகளுக்கு. நிஜமான கட்டடத்துக்குப் போகும் காங்கிரீட் எந்த லோடில் விரிசல் விடுகிறது, நடு ஒடுங்கி உடுக்கை போல எப்படி உடைகிறது என்று கண்ணால் பார்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமலே, படம் மட்டும் போட்டுப் பாஸாகிப் போனார்கள். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

இது எங்கே தவறுகிறது? 2025-ல் மத்திய அரசு 175 பொறியியல் கல்லூரிகளுக்கும் 100 பாலிடெக்னிக்குகளுக்கும் சேர்த்து 4,200 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது ஐந்து வருடத் திட்டம். மெஷின் அதற்கப்புறமும் ஓட வேண்டும், வாத்தியாருக்கு அதற்கப்புறமும் சம்பளம் வேண்டும். 1959-லிருந்து மண்டலப் பொறியியல் கல்லூரிகளைத் தொடங்கியவர்கள் இதை முதலிலேயே யோசித்தார்கள். கட்டடத்துக்கும் கருவிக்கும் மத்திய அரசு. வருடாந்திரச் செலவை மத்திய அரசும் மாநிலமும் ஆளுக்குப் பாதி. 1964-ல் திருச்சியில் அப்படி வந்த கல்லூரிதான் இன்றைய என்.ஐ.டி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு 60 சீட் என்றால் நான்கு வருடத்துக்கு 240 பேர். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.-யின் விதி. அப்படியானால் அந்த ஒரு பிரிவுக்கே 12 ஆசிரியர்கள் வேண்டும். புதிய பிரிவு வருகிறது, சீட் கூடுகிறது என்று அறிவிப்பு வரும்போது கூடவே 12 பணியிடம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்து ஒப்பேற்றுகிறார்கள். அடுத்த வருடம் வேலை இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத ஒருவர் எந்த நம்பிக்கையில் ஒரு லேபைக் கட்டி வளர்ப்பார்?

“இங்க என்ன இருக்கு” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. கூடங்குளத்தில் அணு உலை. கங்கைகொண்டானில் டாடாவின் சோலார் செல் ஆலை. பணகுடிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலை. இவ்வளவும் ஒரே மாவட்டத்துக்குள். காற்றாலை கியர்பாக்ஸ் ஏன் தேய்கிறது என்று ஆராய இதைவிடத் தோதான ஊர் ஏது? இங்குள்ள கல்லூரிக்கு அதற்கேற்ற பாடம் வைக்கும் உரிமையும், அதை நடத்த நிரந்தர ஆசிரியர்களும் கிடைக்க வேண்டும். அதற்காகக் கண்டிப்பாக எழுதுகிறேன், தொடர்ந்து எழுதுவேன்.

உங்களைப் போல எத்தனையோ தாய்மார் மகளைத் திருநெல்வேலி வரை பஸ்ஸில் அனுப்பத் தயார், சென்னைக்கு இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கல்லூரியின் தரம்தான் அவர்களுக்குக் கிடைக்கும் மொத்தப் படிப்பின் தரம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி மகள் காரியம். ஆறிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். விண்ணப்பத்தில் இதை விட்டுவிடாதீர்கள். 1981-லிருந்து நடக்கும் அரசு பொறியியல் கல்லூரியையும் மண்டல வளாகத்தையும் சாய்ஸ் கொடுப்பதற்கு முன் அவளோடு நேரில் போய்ப் பாருங்கள். அவள் எடுக்க நினைக்கும் பிரிவில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அது அரசுக் கல்லூரி, உங்கள் கல்லூரி.

அன்புடன்.