தொகையை முதலில் சொல்லுங்கள், பட்டியல் அப்புறம்

கேள்வி: மகள் பள்ளி இறுதியாண்டு படிக்கிறாள். விண்ணப்பிக்க 14 கல்லூரிகளை எழுதி வைத்திருக்கிறாள். பாதிக்கு மேல் எங்கள் சக்திக்கு மீறியவை. இடம் கிடைத்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம் என்கிறார் கணவர். இப்போதே சொன்னால் அவள் மனம் உடைந்துவிடுமோ?

பதில்: இப்போதே சொல்லிவிடுங்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் பணமில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நேராகக் கடன் வாங்கத்தான் ஓடுவார்கள். நிறையப் பார்த்துவிட்டேன்.

"பார்த்துக்கலாம்" என்று மழுப்பாமல் தொகையாகவே சொல்லுங்கள். சேமிப்பிலிருந்து இவ்வளவு, மாத வருமானத்திலிருந்து இவ்வளவு, கடன் வாங்கினால் இவ்வளவு. ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்கியதை இதில் சேர்க்கவே கூடாது.

அப்புறம் ஒரு நோட்டில் 14 கல்லூரிக்கும் கட்டம் போடுங்கள். கல்விக் கட்டணம் பளிச்சென்று தெரியும். விடுதி, சாப்பாடு, ஆய்வகம், தேர்வுக் கட்டணமெல்லாம் வேறெங்கோ ஒளிந்திருக்கும். மகளையே தேடி எழுதச் சொல்லுங்கள். முதலாண்டுத் தொகையை நாலால் பெருக்கிவிட்டு எழுந்துவிட வேண்டாம். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், முதலாண்டில் 100 என்பது நான்கு ஆண்டில் 400 அல்ல, 437. கடன் என்றால் இன்னொரு கணக்கு: 10 சதவீத வட்டியில் 100 வாங்கி, 10 ஆண்டு மாதத் தவணையாகக் கட்டினால் மொத்தம் கிட்டத்தட்ட 159 போகும். படிக்கும்போது தவணை கிடையாது என்பார்கள்; ஆனால் பல கடன்களில் அப்போதும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அது இந்த 159-இல் இல்லை.

கட்டணத்தைப் பார்த்த உடனே எதையும் அடித்துவிடாதீர்கள். உதவித்தொகை போக, விலை அதிகமான கல்லூரியே மலிவாக முடிவதும் உண்டு. அது முதலாண்டுக்கு மட்டுமா, மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் நிற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் முடிந்தால் பட்டியல் தானாக ஏழெட்டுக்கு வந்துவிடும். எட்டாத ஒன்றிரண்டு ஆசைக்கு இருக்கட்டும். ஆனால் குறைந்தது இரண்டு கல்லூரிகளாவது இப்படி இருக்க வேண்டும்: இடம் ஏறக்குறைய நிச்சயம், கடனில்லாமல் முடியும், போக மகளுக்கும் மனமிருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் பெற்றோர் மறப்பது. பிடிக்காத கல்லூரியைப் 'பாதுகாப்புக்கு' எழுதி வைத்தால் விண்ணப்பக் கட்டணம்தான் தண்டம்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் என்ன, சேராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே நோட்டில் குறியுங்கள். கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வட்டிக் கணக்கை அவரே போடட்டும்.