நாற்றை யாரும் விதைப்பதில்லை

அன்புள்ள ஐயா,

நான் நீடாமங்கலத்துக்காரன். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதும் வேலை. “இலக்கணம் சரி, ஆனால் யாரும் இப்படி எழுத மாட்டார்கள்” என்கிறார் மேலாளர். தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். எந்த அகராதி வாங்கலாம்? உச்சரிப்பை எப்படிச் சரிசெய்வது?

அன்புள்ள தம்பி,

உச்சரிப்பை விடுங்கள், மெயிலில் அது யார் காதில் விழப்போகிறது?

முதலில் அந்த நோட்டைத் தூக்கிப் பரணில் போடுங்கள். விதை தெளிக்கிறோம், நாற்றுப் பறிக்கிறோம், நடுகிறோம். ‘நாற்று விதைத்தேன்’ என்று ஒருவன் சொன்னால் நீடாமங்கலமே சிரிக்காதா? இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. ஏன் என்று கேட்டால் வெள்ளைக்காரனே விழிப்பான். உங்கள் நோட்டில் ‘ஸ்ட்ராங்’, ‘பவர்ஃபுல்’ இரண்டுக்கும் எதிரே ‘வலிமையான’ என்றுதான் இருக்கும். பள்ளிக்கூடமே போகாத பெரியவரும் கும்பகோணத்தில் “ஸ்ட்ராங்கா ஒரு காபி” என்கிறார். ‘பவர்ஃபுல்லா’ என்று கேட்பதில்லை. ஜோடியாகக் காதில் விழுந்தது, ஜோடியாகவே வாயில் வருகிறது. மொழியியலாளர் ஹாலிடே 1966இல் இதே இரண்டு சொற்களைத் தேநீரோடும் காரோடும் சேர்த்துப் பார்த்துத்தான் இதை விளக்கினார்.

ஆகவே ‘டிசிஷன்’ என்று தனியாக எழுதாதீர்கள்; ‘மேக் எ டிசிஷன்’. ‘மிஸ்டேக்’ அல்ல, ‘மேக் எ மிஸ்டேக்’. ஹோம்வொர்க் என்றால் ‘டூ’. வாக்கியத்தையே முழுசாக எழுதிவைத்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு வரும் மெயில்களிலேயே அது கொட்டிக் கிடக்கிறது, பார்க்காமல் பதில் தட்டுகிறீர்கள்!

உங்கள் பக்கத்து ஊர் வலங்கைமானில் பிறந்தவர், ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன மகாகனம் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணம் கல்லூரியில் படித்து, மாயவரத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர். காந்தியின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுத்தது அவர்தான், அதுவும் தன் பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. என் பெரியப்பாவுக்கு அவர் தெய்வம். காலையில் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பரை உரக்கப் படிப்பார். எங்களையும் படிக்க வைப்பார். அர்த்தம் கேட்டால் அதட்டல்தான்: “மொதல்ல காதுல விழட்டும்டா!” அன்றைக்கு அவர்மேல் எரிச்சலாக வரும். இப்போது ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்காமல் அனுப்புவதில்லை. நீங்களும் படியுங்கள், அலுவலகத்தில் சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்புறம், அகராதி. ‘ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி’ வாங்குங்கள். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் கற்பித்தபோது மாணவர்களுக்காகத் தொகுத்தது, 1948இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. அதன் புதிய பதிப்பு எதுவானாலும் சரி. எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாத அகராதியை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.