கிருஷ்ணகிரி வீட்டுச் சமையலறைக்கு எந்த நிற விளக்கு?

வணக்கம். கிருஷ்ணகிரியில் புதிதாகக் கட்டிய வீட்டின் சமையலறையில் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள்) எல்இடி போட்டபின் குழம்பு வெளிறித் தெரிகிறது, கறுப்புக் கிரானைட் மேடையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக 3000 கெல்வின் மஞ்சளுக்குப் போக வேண்டாம். வெங்காயம் பொன்னிறமாகிவிட்டதா என்பதை அந்த ஒளியில் கணிப்பது கடினம். 4000 கெல்வின் வாங்குங்கள். கூடவே பெட்டியில் சிஆர்ஐ (பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அந்த எண் குறைந்த பல்புகளில் அடர்சிவப்பு ஒளி போதாமல் தக்காளியும் மிளகாய்த்தூளும் மங்கிவிடும். கண்கூச்சம் வேறு சங்கதி: மெருகேற்றிய கிரானைட் எந்த நிற விளக்கையும் அப்படியே பிரதிபலிக்கும் என்பதால், மேல் அலமாரியின் அடியில், பால்நிற மூடியுள்ள பட்டை விளக்கைப் பொருத்துங்கள், நறுக்கும் இடத்தில் உங்கள் நிழலும் விழாது. படுக்கையறைக்கு 2700 அல்லது 3000, பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு 4000 போதும்.