வரி, விலங்கு, காவல்: சுபேதார் பதில்கள்

(வேலூர் அருகே கம்மவான்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சிக்னல்ஸ் (ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவு) சுபேதார், அமெரிக்க அரசியல் பற்றியும் தேசப் பாதுகாப்பு பற்றியும் வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: 2025 ஆகஸ்டில் டிரம்ப் அரசு நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளுக்கு அது பெரிய அடி. இதற்குப் பிறகும் அமெரிக்க கன்சர்வேடிவ்களை (பழமைவாதிகளை) நீங்கள் பாராட்டுவது சரியா அய்யா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

உங்கள் கோபம் நியாயமானது. என் தங்கை மகள் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற யூனிட்டில் வேலை செய்கிறாள். விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. அந்த மாதம் முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு வாரத்தில் சில நாள் மெஷினே ஓடவில்லை. அவள் அண்ணன் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அந்த 50-ல் முதல் பாதி ஆகஸ்ட் 7-ல் வந்தது. அடுத்த பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்கான தண்டனை, ஆகஸ்ட் 27-ல் வந்தது. அதே எண்ணெயை வாங்கிக் குவித்த சீனாவுக்கு அந்தத் தண்டனை விழவில்லை. இது அநியாயம் என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். எஃகுக்குத் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வரி போட்டால் எனக்குப் புரியும். சண்டை வந்தால் டாங்கிக்கும் கப்பலுக்கும் உள்ளூர் எஃகு வேண்டும். ஆம்பூரில் தைத்த அப்பரால் அமெரிக்க எல்லைக்கு என்ன ஆபத்து? 1890-ல் மெக்கின்லி கொண்டுவந்த வரிச் சட்டத்தைப் பார்த்தால், குடியரசுக் கட்சிக்கு இந்த மோகம் பழையது என்று தெரியும்.

நான் மதிப்பது ஜனாதிபதி ரீகன் காலத்து மரபை. 1983-ல் மேற்கு ஜெர்மனியில் பெர்ஷிங் ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைக்கப் போகிறார் என்றதும் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். போர் வெறியர் என்றார்கள். அவர் அசையவில்லை. 1987 டிசம்பர் 8-ல் அவரும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் இரண்டு தரப்பிலும் சேர்த்து 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. கையில் பலம் இருந்ததால்தான் எதிராளி மேசைக்கு வந்தான். அந்தப் பாடத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: சட்டவிரோதமாக அமெரிக்கா போன நம்மவர்களைக் கையிலும் காலிலும் விலங்கு போட்டு ராணுவ விமானத்தில் அனுப்பினார்களே, பார்க்க வயிறு எரியவில்லையா?
– ஒரு வாசகி, ஆரணி

எரிந்தது அம்மா. 2025 பிப்ரவரி 5, அமிர்தசரஸ், 104 பேர். வேலை தேடிப் போனவனுக்குக் கால் விலங்கு எதற்கு? நம் அரசு அதை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் திருப்பி அனுப்பியதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ராத்திரி காவலில் நிற்கிற ஜவான், இருட்டில் அரவம் கேட்டால் "தம்! கௌன் ஆத்தா ஹை?" (நில்! யார் வருவது?) என்பான். வருகிறவர் நின்ற இடத்தில் நின்று, தான் யார் என்று சொல்லி, அன்றைய அடையாளச் சொல்லையும் சொல்ல வேண்டும். கர்னலே வந்தாலும் இதுதான் சட்டம். சொல்லாமல் உள்ளே வந்தவரை 'நல்ல மனுஷன்' என்று விட்டால் அந்தக் காவலே வீண். 2022, 2023 நிதியாண்டுகளில் மெக்சிகோ எல்லையில் ஆண்டுக்கு 20 லட்சம் முறைக்கு மேல் ஆட்கள் பிடிபட்டார்கள். எந்த நாடு தாங்கும்? முறையாக விசாவுக்கு வரிசையில் நிற்கிறவனுக்கு இது செய்கிற துரோகம் இல்லையா?

என் கோபம் முழுக்க ஏஜெண்டுகள் மேல்தான். நிலத்தை விற்க வைத்து, பனாமா காட்டு வழியாக நடக்க வைத்த அந்த ஆட்களுக்கு நம் ஊரில் விலங்கு விழ வேண்டும்.

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியையும் அமெரிக்காவின் 2001 செப்டம்பர் 11-ஐயும் ஒருமுறை ஒப்பிட்டுப் பேசினீர்கள். விளக்கமாகச் சொல்லுங்கள்.
– ஒரு ஆசிரியை, சத்துவாச்சாரி

நோக்கத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோட்டையில் எழுந்தவர்கள் அந்நியப் படைக்கு எதிராக எழுந்த நம் சிப்பாய்கள். நான் ஒப்பிட்டது காவல் காத்தவர்களின் நடத்தையை மட்டுமே.

நெற்றியில் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மே மாதமே முணுமுணுப்பு கிளம்பி, எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூன் நடுவில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று கர்னலிடமே போய்ச் சொன்னான். அதை விசாரிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? எந்தச் சிப்பாய்கள் மேல் புகாரோ, அவர்களுடைய இந்திய அதிகாரிகளிடமே. அவர்கள் 'இவன் பைத்தியம்' என்று எழுதிக் கொடுக்க, சொன்னவனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். ஜூலை 10 விடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் செத்துக் கிடந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகுதான் கோட்டை அவர்கள் கைக்குத் திரும்பியது.

இப்போது 2001-க்கு வாருங்கள். ஜூலையில் பீனிக்ஸ் நகரத்து எஃப்.பி.ஐ. அதிகாரி, விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சந்தேகத்துக்குரியவர்கள் சேர்கிறார்கள் என்று எழுதினார். ஆகஸ்ட் 6-ல் பின்லேடன் அமெரிக்காவுக்குள்ளேயே தாக்க முனைந்திருக்கிறான் என்ற குறிப்பு ஜனாதிபதி புஷ் கைக்குப் போனது. கடத்தல்காரர்களில் இருவர் நாட்டுக்குள் இருப்பது சி.ஐ.ஏ.வுக்குத் தெரிந்தும், எஃப்.பி.ஐ. தேடத் தொடங்கியது ஆகஸ்ட் கடைசியில். செய்தி வந்திருந்தது. வந்த செய்தியைப் பக்கத்து மேசைக்குத் தள்ள ஆள் இல்லை. புஷ் நான் மதிக்கிற கட்சிக்காரர் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

சிக்னல்ஸில் இருந்தவனுக்கு இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. செய்தி வந்த நேரம், அனுப்பிய நேரம், வாங்கியவர் பெயர், மூன்றும் லாகில் (பதிவேட்டில்) இருந்தே ஆக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பொழுது விடிந்ததும் ஆபீசர் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: 1971 வங்கதேசப் போரில் எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை அனுப்பி மிரட்டிய நாட்டை நம்பலாமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

நம்பிப் படுத்துத் தூங்கக் கூடாது. 1971-ல் வங்காள விரிகுடாவுக்குக் கப்பலை அனுப்பியவர் நிக்சன். 1999 ஜூலை 4-ல் தேடி வந்த பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீபை, கார்கிலிலிருந்து ஆளை இறக்கு என்று நெருக்கியவர் கிளிண்டன். இரண்டு முறையும் அவர்கள் கணக்குப் பார்த்தது அவர்கள் நாட்டுக்கு. 1900-ல் ஒரே படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அமெரிக்கர்தான். அந்த மக்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அரசாங்கத்தோடு பழகும்போது நம் படை பலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: அமெரிக்க கன்சர்வேடிவ்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் ரீகன்தானே?
– ஒரு கல்லூரி மாணவர், காட்பாடி

ரீகனுக்கும் முன்னால் பாரி கோல்ட்வாட்டரை வைப்பேன் தம்பி. 1964-ல் ஜனாதிபதித் தேர்தலில் படுதோல்வி அடைந்தவர். அதற்காக மூலையில் உட்காரவில்லை.

1980-ல் ஈரானில் பிணைக் கைதிகளை மீட்கப் போன படை பாலைவனத்திலேயே எட்டுப் பேரை இழந்து திரும்பியது. 1983-ல் கிரெனடா தீவில் தரைப்படை ரேடியோவும் கடற்படை ரேடியோவும் ஒன்றோடொன்று பேச முடியாமல் திண்டாடின. இதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. கீழே மாட்டிக்கொண்ட பையன் ஆதரவுக் குண்டு கேட்கிறான், மேலே கப்பலில் பீரங்கி தயாராக இருக்கிறது, நடுவில் பேச வழி இல்லை! ஒவ்வொரு படையும் தனித்தனி ராஜ்யமாக இருந்ததால் வந்த வினை. தளபதிகளும் பென்டகனும் (ராணுவத் தலைமையகம்) எதிர்த்தும், ஜனநாயகக் கட்சி உறுப்பினர் நிக்கல்ஸோடு சேர்ந்து 1986-ல் கோல்ட்வாட்டர் இதைச் சரிசெய்ய ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். முப்படையும் களத்தில் ஒரே தளபதியின் கீழ் என்று ஆனது. 1991 வளைகுடாப் போரில் அதன் பலன் தெரிந்தது.

நாம் கார்கிலுக்குப் பிறகு, 2001-லேயே முப்படைக்கு ஒரு தலைமை வேண்டும் என்ற பரிந்துரையைக் கையில் வைத்திருந்தோம். அந்தப் பதவியில் முதலாவதாக ஜெனரல் ராவத் பொறுப்பேற்றது 2020 ஜனவரி 1-ல். இத்தனை ஆண்டு தாமதத்துக்கு எந்தக் கட்சியும் பதில் சொன்னதில்லை.

கேள்வி: ஆப்கானிஸ்தான் அவமானத்துக்கு டிரம்ப் காரணமா, பைடன் காரணமா?
– ஒரு வாசகர், போளூர்

வெளியேறுவது என்று முடிவெடுத்ததில் தப்பில்லை. 20 வருடம் போதும். காபூல் அரசை வெளியே நிறுத்திவிட்டு தலிபானோடு 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் ஒப்பந்தம் போட்டது டிரம்ப் அரசின் தப்பு. வெளியேறிய விதம் முழுக்க பைடன் தலையில்தான்.

பின்வாங்குவது ராணுவத்தில் கஷ்டமான காரியம். கனமான சாமான் முதலில், சிவிலியன்கள் அடுத்து, ஆயுதம் தாங்கிய பின்காவல் கடைசியில். இங்கே பக்ராம் விமான தளத்தை 2021 ஜூலை தொடக்கத்திலேயே, அதை ஏற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்குக்கூடச் சொல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்கள். மக்களை மீட்க மிஞ்சியது நகர நடுவில் இருந்த ஒரு விமான நிலையம். ஆகஸ்ட் 26-ல் அதன் வாசலில் 13 அமெரிக்க வீரர்களும் 150-க்கும் மேற்பட்ட ஆப்கானியர்களும் செத்தார்கள். சுமார் 700 கோடி டாலர் மதிப்புள்ள தளவாடங்கள் ஆப்கன் படையிடம் இருந்தபடியே தலிபானிடம் போயின. ஒரு ஜெனரல்கூட அதற்காகப் பதவி விலகவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கேள்வி: ராணுவத்தில் இருக்கும் என் மகன் வாட்ஸ்அப் குழுவில் கட்சி அரசியல் எழுதுகிறான். நீங்களே அரசியல் எழுதுகிறீர்களே என்கிறான். என்ன சொல்வது அண்ணா?
– ஒரு தாய், கம்மவான்பேட்டை

நான் பென்ஷன்காரன்மா. அவன் உடுப்பில் இருக்கிறான். வித்தியாசம் அதுதான். 1954 ஆர்மி ரூல்ஸில் இது தெளிவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. மாட்டினால் வேலையே போகும்.

மெக்கார்தர் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். கொரியாவில் இன்சோனில் படையை இறக்கிப் போரின் போக்கையே திருப்பிய ஜெனரல். ஜனாதிபதியின் கொள்கையைக் குறை சொல்லி எதிர்க்கட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 1951 ஏப்ரல் 5-ல் அது சபையில் வாசிக்கப்பட்டது. ஏப்ரல் 11-ல் ட்ரூமன் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கன்சர்வேடிவ்கள் மெக்கார்தர் பக்கம் நின்று ஆர்ப்பரித்தார்கள். ட்ரூமன் செய்ததுதான் சரி என்பது என் தீர்மானம். துப்பாக்கி வைத்திருப்பவன் கட்சி கட்டத் தொடங்கினால் நாடு என்ன ஆகும் என்று பாகிஸ்தானைப் பார்த்தால் தெரியும்.

இன்று ராத்திரியே அந்தக் குழுவிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். கருத்து இருந்தால் ஓட்டில் காட்டட்டும். யூனிட்டிலேயே சர்வீஸ் வோட்டராகப் பதியலாம். வாக்குச்சீட்டு ஆன்லைனில் வரும், நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். பதியவில்லை என்றால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பம் போகட்டும்.