சரக்கு ரயிலில் ஏறும் பையன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் வான்ஸ் எழுதி டான் பர் வரைந்த ‘கிங்ஸ் இன் டிஸ்கைஸ்’ காமிக்ஸ் படித்தேன். அமெரிக்காவில் வேலையின்மை பெருகிய பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1932இல், அப்பாவைத் தேடிச் சரக்கு ரயில்களில் ஒளிந்து பயணம் போகும் பையனின் கதை. அதே காலத்தை வைத்துத் தமிழில் ஒரு காமிக்ஸ் தொடர் வரைகிறேன். முதல் நான்கு பக்கங்களை இணைத்துள்ளேன். பையன் ஓடிவந்து ரயிலில் தொற்றுகிறான், கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்குகிறான், காலையில் ஒரு வீட்டு மதிலில் நாடோடிகள் போட்டிருக்கும் சாக்பீஸ் குறியைப் பார்த்துச் சாப்பாடு கேட்கப் போகிறான். மூன்றாம் இதழில் வேலையிழந்தவர்கள் நடத்திய டெட்ராய்ட் ஊர்வலம் வரும். சரியாக வந்திருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

முகங்கள் நன்றாக வந்திருக்கின்றன, பையனின் கண்கள் குறிப்பாக. ரயில் சரியில்லை. இந்தக் கதையில் ரயில்தான் வீடு, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் வரைந்திருப்பது டெக்ஸ் வில்லர் கௌபாய் காமிக்ஸ் கதைகளில் வரும் 19ஆம் நூற்றாண்டு ரயில். பெட்டிக்கு அடியில் நீளவாட்டில் கம்பிகள் ஓடுகின்றன. 1932க்குள் பெட்டிகளுக்கு இரும்பு அடிச்சட்டம் வந்து, அந்தக் கம்பிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. கூரையின் நடுவே மரப்பலகை நடைபாதையும், ஒரு முனையில் பிரேக் சக்கரமும் உண்டு. அவற்றைச் சேருங்கள்.

இரண்டாம் பக்கத்தில் பையன் பெட்டியின் பின்முனை ஏணியைப் பிடிக்கிறான். முன்முனை ஏணியைத்தான் பிடிக்க வேண்டும். ஓடும் பெட்டியைப் பிடித்த கணத்தில் உடம்பு பின்பக்கமாக வீசப்படும். முன்முனை என்றால் பெட்டியின் பக்கவாட்டில் போய் மோதுவான், கை நழுவினாலும் தண்டவாளத்துக்கு வெளியே தரையில் விழ வாய்ப்புண்டு. பின்முனை என்றால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே போய்ச் சக்கரத்தடியில் விழுவான். ரயிலின் வேகத்துக்கு ஓடுவது, கையால் பிடிப்பது, பிடி இறுகிய பிறகு கால் வைப்பது. இது மூன்று கட்டம். நீங்கள் ஒரே கட்டத்தில் பாய வைத்துவிட்டீர்கள். சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுக்குள் ரயில்வே காவலர்கள் தடியோடு திரிவார்கள். அதனால் இப்படிப் பயணம் போகிறவர்கள் யார்டைத் தாண்டி, வண்டி வேகம் எடுக்குமுன் ஏறுவார்கள். மேட்டிலும், இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் ஏறுவதுண்டு.

கதவைச் சாத்தவே கூடாது. அது பக்கவாட்டில் நகரும் கனமான கதவு, தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. திடீர் பிரேக்கில் தானாக ஓடி மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வழியில்லை. ஒதுக்குத் தண்டவாளத்தில் நாட்கணக்கில் நிறுத்திவிட்டால் உள்ளேயே சாக வேண்டியதுதான். கதவு ஓடும் தடத்தில் ஒரு தண்டவாள ஆணியையோ கட்டைத் துண்டையோ அடித்து இறுக்கிவிட்டுத்தான் படுப்பார்கள். அந்த ஆணியை ஒரு தனிக் கட்டமாக, கைவிரல்களோடு, பெரிதாகப் போடுங்கள். தலை வண்டி போகும் திசையில் இருந்தால் பிரேக் போடும்போது சுவரில் இடிக்கும், காலை அந்தப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

ஒலிக்கு ஒரு யோசனை. சரக்கு ரயில் ஒரே மூச்சில் கிளம்புவதில்லை. இணைப்புகளில் உள்ள தளர்வு பெட்டி பெட்டியாக இழுபட்டு, ‘டணார்’ என்ற அதிர்ச்சி இன்ஜினிலிருந்து பின்னோக்கி ஓடிவரும். எழுத்தைக் கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கிப் பையன் இருக்கும் பெட்டியில் வெடிக்க விடுங்கள்.

சாக்பீஸ் குறியை எடுத்துவிடுங்கள். ‘இங்கே சோறு கிடைக்கும்’ என்று சொல்லும் அந்த அழகான குறிப் பட்டியல்கள் பரவிய அளவுக்கு அவை புழக்கத்தில் இருந்ததற்கான நேரடிச் சான்று இல்லை. உண்மையில் இருந்தது வேறு: தண்ணீர்த் தொட்டிகளில் பட்டப்பெயர், தேதி, போகும் திசைக்கு ஓர் அம்பு. எந்த ஊரில் காவலர் மோசம் என்ற சேதியெல்லாம் வாய்வழியாகத்தான் போனது, ‘ஜங்கிள்’ என்று இந்த ரயிலேறிகள் அழைத்த, தண்டவாளத்தை ஒட்டிய முகாம்களில். ஒருவர் உருளைக்கிழங்கு, ஒருவர் வெங்காயம் என்று கொண்டுவந்து ஒரே தகர டின்னில் கொதிக்க வைப்பார்கள். சாப்பிட்டதும் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது வழக்கம், அடுத்து வருகிறவனுக்காக. உங்கள் நான்காம் பக்கம் அந்தக் கவிழ்த்த டின்னாக இருக்கட்டும்.

பெரிய குறை இனிமேல்தான். உங்கள் ரயிலில் பையன் ஒருவன்தான் இருக்கிறான். மிசூரி பசிபிக் ரயில்வே தன் வண்டிகளில் இப்படி ஏறியவர்களைக் கணக்கெடுத்தது: 1929இல் சுமார் 14,000 பேர், 1931இல் சுமார் 1,86,000 பேர். கூரைமேல் வரிசையாக மனிதர்களைப் போடுங்கள். வேலை போன குடும்பத்தலைவர்கள், ஆண் உடை போட்ட பெண்கள், கறுப்பின இளைஞர்கள். கறுப்பின இளைஞனுக்கு அந்தக் கூரையில் கூடுதல் ஆபத்து உண்டு. 1931 மார்ச்சில் அலபாமாவின் பெயிண்ட் ராக்கில் ஒன்பது பேரைச் சரக்கு ரயிலிலிருந்து இறக்கிப் பொய்யான பாலியல் வல்லுறவு வழக்கில் சிக்கவைத்தார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று தேடுங்கள்.

டெட்ராய்ட் ஊர்வலம் 1932 மார்ச் 7, டியர்பார்னில் இருக்கும் ஃபோர்டின் ரிவர் ரூஜ் ஆலையை நோக்கிப் போனது. கண்ணீர்ப்புகை, உறைகுளிரில் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர், பிறகு துப்பாக்கி. நான்கு பேர் இறந்தார்கள். ஐந்தாமவர் கர்டிஸ் வில்லியம்ஸ் காயத்தால் சில மாதம் கழித்து இறந்தார். கறுப்பினத்தவர் என்பதால், மற்ற நால்வரும் கிடக்கும் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் மறுத்துவிட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கையை நான்கு என்று முடித்துவிடாதீர்கள். பக்கங்களைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.